பதினான்கு அடி முயல்

அன்று காலை ஒன்பது மணிக்குக் கடையின் நடுக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சுவரோர நாற்காலியில், முதுகு சாயாமல், அத்தை. தகடு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், கையுறையைக் கழற்றாமல், அவருடைய தம்பியின் மூத்த மகன். ஜன்னலோர மேசையில் மூத்தவனின் மனைவி, அதாவது இந்த வீட்டு மருமகள். அவளுக்கு எதிர் மேசையில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காத இளையவன்.

மூலையில் ஒரு புதுக் கம்ப்யூட்டரும் இருந்தது. துணி போர்த்தி மூன்று வாரமாகத் தூங்கியது. அதில் எந்த மென்பொருளை ஏற்றுவது என்பதில் வீடு இரண்டுபட்டிருந்தது. படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேர்க்கும் ராஸ்டர்தான் வேண்டும் என்பான் இளையவன். கோட்டையும் வளைவையும் கணக்காக வைத்துக்கொள்ளும் வெக்டர்தான் வேண்டும் என்பாள் மருமகள். கடைக்கு வாய்த்தது ஒரு கம்ப்யூட்டர். அதில் ஏறுவது எதுவோ, அதன்படிதான் இனி வேலை நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

தம்பி போன பிறகு இந்தப் பெயர்ப்பலகைக் கடையை முப்பத்தோரு வருடமாக நடத்துகிறவர் அத்தை. தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். கடையில் ஒரு சட்டம் உண்டு. அத்தை பச்சை மையில் கையெழுத்துப் போட்ட மாதிரிப் படத்தை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. ஒரு புள்ளி கூடக்கூடாது. ஒரு புள்ளி குறையக்கூடாது. "கையெழுத்தானதுல ஒரு முடி பிசகாது" என்று வாடிக்கையாளரிடம் அவர் சொல்வார். இதுவரை பிசகியதில்லை.

சென்ற வாரம் பார்சல் கம்பெனிக்காக இளையவன் வரைந்த பாயும் முயலுக்கு அத்தை கையெழுத்துப் போட்டதும், மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "ஆயாச்சு" என்று அத்தை எழுந்து போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அழகான முயல்தான். முதுகில் ரோமம் காற்றில் படுத்து எழுந்தது. வயிற்றடியில் நிழல் புகை போலக் கரைந்தது. அந்த முயல் கம்பெனியின் புதுக் கட்டடத்து நெற்றியில், பதினான்கு அடி எஃகுத் தகட்டில், பின்னால் விளக்கோடு நிற்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தில் நகத்தளவுக்கும் வர வேண்டும். இரண்டும் ஒரே முயல் என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். வாடிக்கையாளர் முழு அளவு மாதிரியைப் பார்க்க இன்று மூன்று மணிக்கு வருகிறார்.

"அத்தை, கொஞ்சம் பின்கட்டுக்கு வர்றீங்களா?" என்றான் மூத்தவன்.

"இங்கேயே சொல்லு."

"சொல்ற விஷயமில்ல. பாக்கற விஷயம்."

பின்கட்டுச் சுவரில் முயலின் தலையை மட்டும் முழு அளவில் அச்சடித்து மாட்டியிருந்தான். காது நுனி கூரையைத் தொட்டது. வாசற்படியில் நின்று பார்த்தபோது முயல் முயலாகத்தான் இருந்தது. அத்தை நான்கடி கிட்டே போனார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டடி போனார்.

கண் இருந்த இடத்தில் குளியலறைத் தரை மாதிரிக் கட்டம் கட்டமாக இருந்தது. மீசை ஒவ்வொன்றும் மாடிப்படி.

"என்னடா இது, கட்டம் போட்ட துண்டு மாதிரி?"

இளையவன் காதிலிருந்ததைக் கழற்றினான். "கிட்ட நின்னு பாத்தா அப்படித்தான் இருக்கும் அத்தை. இது மூணாவது மாடில நிக்கப் போகுது. யாரு ஏணி வச்சு ஏறிப் பாக்கப் போறாங்க?"

"ஜன்னல் துடைக்கிறவன் பாப்பான்."

மூத்தவன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"இதை ஏன் மாத்தலை?" என்று அத்தை மூத்தவனைக் கேட்டார்.

"எப்படி மாத்தறது? நீங்க கையெழுத்துப் போட்ட ஃபைல். தொட்டா நீங்க தொலைச்சுக் கட்டிடுவீங்க. அப்படியே இழுத்துப் பெரிசாக்கினேன். இழுத்தா உடையுது."

பதில் சரியான பதில். சட்டத்தை மீறியவனைத் திட்டலாம். சட்டத்தின்படி நடந்தவனை என்ன செய்வது? அத்தைக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. கூடத்துக்குத் திரும்பி நடந்தார். மூவரும் பின்னால் வந்தார்கள்.

"அச்சடிச்சதையாவது மெருகு போட்டு ஒப்பேத்தலாம்" என்றான் மூத்தவன். "தகட்டுக்கு என்ன பண்றது? என் மெஷின் கண்ணால பாத்து வெட்டறதில்ல. எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு அதுக்கு ஒரு கோடு வேணும். இவன் ஃபைல்ல கோடே கிடையாது. எல்லாம் புள்ளி."

"அதுக்கு ஒரு பட்டன் இருக்கு" என்று இளையவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஒரு தட்டு. புள்ளி எல்லாம் கோடாயிடும். இவ்வளவு நாள் கத்துக்கிட்டது எதுக்கு?"

தட்டினான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஊர் சுத்திட்டு வருது போல" என்றாள் மருமகள் மெதுவாக.

"அண்ணி, சும்மா இருங்க."

வட்டம் நின்றதும் முயல் வந்தது. மூத்தவன் குனிந்து பார்த்து, எண்ணிக்கை காட்டும் மூலையில் விரலை வைத்தான். "நாலாயிரத்து எழுநூறு துண்டு. இதை வெட்டினா நமக்கு முயல் வராது. சல்லடை வரும். மாவு சலிக்கலாம்."

"வெளிக்கோட்டை மட்டும் எடுத்து வெட்டு. உள்ளே இருக்கறதெல்லாம் விடு" என்றார் அத்தை.

மூத்தவன் வெளிக்கோட்டை மட்டும் எடுத்து, கை அகல அட்டையில் வெட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். வைத்தவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

அத்தை அட்டையைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"எண்ணு" என்றார்.

யாரும் எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. முன்கால் இரண்டு. பின்கால் ஒன்று. நான்காவது கால் இளையவனின் புகை நிழலுக்குள் பாதி மறைந்து நின்ற கால். படத்தில் அது இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். நிழலை எடுத்ததும் காலும் போய்விட்டது.

அத்தை பிடித்த முயலுக்கு எத்தனை கால் என்று இந்தத் தெருவில் முதுகுக்குப் பின்னால் பேசிச் சிரிக்கிறவர்கள் உண்டு என்பது நால்வருக்கும் தெரியும். அந்தப் பழமொழியை முதலில் வாயைத் திறந்து சொல்கிறவருக்கு அன்றே கடையில் கடைசி நாள் என்பதும் தெரியும். மூத்தவன் கையுறையின் தையலை ஆராய்ந்தான். இளையவன் காதுவரை சிவந்திருந்தான்.

அத்தை அட்டையைக் கீழே வைத்தார்.

"நீ" என்று மருமகளைப் பார்த்தார். "போன வாரம் என்ன சொல்ல வந்தே?"

"இதைத்தான் அத்தை."

"இதைன்னா?"

"சின்னம்னா அது கோட்டுல பொறக்கணும்னு. கோட்டை எவ்வளவு பெரிசாக்கினாலும் கம்ப்யூட்டர் புதுசா கணக்குப் போட்டு வரைஞ்சுக்கும். உடையாது. புள்ளி அப்படியில்ல. எத்தனை புள்ளி வச்சோமோ அத்தனைதான். இழுத்தா புள்ளி வீங்கும்."

"பேச்சு எனக்கு வேண்டாம். காட்டு."

மருமகள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு ஓரமாக இருந்த ஒரு கோப்பைத் திறந்தாள். திரையில் ஒரு முயல் வந்தது. அதே பாய்ச்சல், அதே காது. ரோமம் இல்லை, நிழல் இல்லை. நான்கு கால். முதுகின் ஒரே வளைவில் ஓட்டம் முழுக்க இருந்தது.

"கோடு திரும்பற முனை அறுபத்திரண்டுதான். அதுக்கு நடுவுல எல்லாம் வளைவு" என்றாள்.

"பெரிசாக்கு."

கண் மட்டும் திரை முழுக்க வந்தது. விளிம்பு கத்தியால் சீவியது போல இருந்தது.

"இன்னும்."

கண்ணின் ஓரம் மட்டும் வந்தது. அப்போதும் அதே விளிம்பு.

"சின்னதாக்கு. ரசீது அளவு."

முயல் நகத்தளவாகச் சுருங்கியது. அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். "மீசை காணோம்."

"ஆறு வச்சிருந்தேன். இந்த அளவுல அத்தனையும் ஒண்ணா ஒட்டி அழுக்கு மாதிரி தெரிஞ்சுது. அதனால எல்லா அளவுக்குமே மூணா குறைச்சேன். இப்போ அந்த மூணையும் இன்னும் கொஞ்சம் தடிமனாக்கணும். அது என் தப்பு."

தப்பை ஒப்புக்கொள்ள அவள் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சு. அத்தை அதைக் கவனித்தார்.

"இதை எப்போ வரைஞ்சே?"

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே."

"அன்னிக்கே வரைஞ்சதை இன்னிக்கு வரைக்கும் ஏன் பூட்டி வச்சே?"

மருமகள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆயாச்சுன்னு எழுந்துட்டீங்க அத்தை. ஆனதுக்கு மேல பேசற வழக்கம் இந்த வீட்டுல இல்லையே."

அடி மெத்தென்றுதான் விழுந்தது. ஆனால் விழுந்தது. அத்தையின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

"நாற்காலியைத் திருப்பிப் போடுங்க ரெண்டு பேரும். என்னைப் பாருங்க" என்றார். "எது முடியும்னு மூணு வாரமா கேட்டாச்சு. காது புளிச்சுப் போச்சு. உங்க உங்க சாஃப்ட்வேர்ல எது முடியாதுன்னு சொல்லுங்க. சின்னவனே, நீ முதல்ல."

இளையவன் அட்டை முயலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அளவு" என்றான் கடைசியில். "எந்த அளவுல ஆரம்பிக்கிறேனோ அதுக்கு மேல போக முடியாது. பதினாலடின்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா..."

"சொன்னாலும் தகடு வெட்ட ஆகாது" என்றான் மூத்தவன்.

"தெரியுதுண்ணே. விடு."

"நீ?"

"ரோமம் அத்தை" என்றாள் மருமகள். "ஒரு முகத்துல வெளிச்சம் மெல்ல மெல்ல இருட்டாகறது. தண்ணி மேல வெயில். அந்த மாதிரி வேலையெல்லாம் தம்பி பத்து நிமிஷத்துல பண்றதை நான் பத்து நாள் உக்காந்தாலும் பண்ண மாட்டேன். ஃபோட்டோவை என்கிட்ட குடுத்தா கொலைதான்."

அத்தை எழுந்து மூலைக்குப் போனார். புதுக் கம்ப்யூட்டரின்மேல் கிடந்த துணியை எடுத்து, உதறி, நான்காக மடித்தார்.

"இதுல வெக்டரை ஏத்துங்க. இனிமே இந்தக் கடையில சின்னம், எழுத்து, வெட்டறது எல்லாம் கோட்டுலதான் ஆரம்பிக்கும். ஃபோட்டோ வேலை சின்னவன் மேசைல, சின்னவன் சாஃப்ட்வேர்லயே நடக்கட்டும்."

மருமகள் தலையை ஆட்டினாள். வெற்றியைக் காட்டிக்கொள்ளாத அளவுக்கு அவளுக்கு வளர்ப்பு உண்டு.

"ஆனா இதுல உக்காரப் போறது சின்னவன்" என்றார் அத்தை.

"நானா?" இளையவன் பாதி எழுந்துவிட்டான். "எனக்கு அந்த வளைவைப் பிடிச்சு இழுக்கறதெல்லாம் வராது அத்தை. வளைவை வளைக்க ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கற கொம்புல ஒண்ணை இழுத்தா எங்கயோ இன்னொண்ணு கோணிக்குது."

"மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சா கோணத்தான் செய்யும் கொழுந்தனாரே" என்றாள் மருமகள். "மெதுவா பிடிக்கணும்."

"கத்துக்க முடியாதுன்னு சொல்றியா, கத்துக்க மாட்டேன்னு சொல்றியா?" என்று அத்தை கேட்டார்.

"என் முயல் அவ்வளவு மட்டமா?" என்று அவன் வேறொன்றைக் கேட்டான். கேட்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது.

"முயல் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் கையெழுத்துப் போட்டேன். அளவு என்னன்னு கேக்காம போட்டேன். அது உன் குத்தம் இல்ல."

முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கூடம் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. மூத்தவன் மெஷினின் விசையை அணைத்தான். எதற்கு அணைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

மூன்று மணிக்குப் பார்சல் கம்பெனிக்காரர் வந்தார். குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே பேசுவார். கையெழுத்தான மாதிரிப் படத்தின் தம் பிரதியைக் கண்ணாடித் தாளுக்குள் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

அவர் வருவதற்குள் இளையவன் ஒரு யோசனை சொல்லியிருந்தான். சின்ன அளவில் தன் ரோம முயலை மட்டும் காட்டுவது. சுவருக்கு வேறு முயலை வெட்டி மாட்டிவிட்டு, அவ்வளவு உயரத்தில் வித்தியாசம் தெரியாது என்று சொல்லிவிடுவது. "அந்த உயரத்துலதான் நம்ம பேரும் தொங்கும்" என்று அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"எங்க அத்தை என் முயல்?" என்றார் வந்தவர்.

"பின்கட்டுல இருக்கு. முதல்ல கிட்டப் போய்ப் பாருங்க."

போனார். பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் வெளிச்சம் குறைந்திருந்தது. மேசைமேல் கிடந்த அட்டை முயலை எடுத்தார். விரலை விட்டுக் கால்களை எண்ணினார்.

"அத்தை, நீங்க பிடிச்ச முயலுக்கு..." என்று ஆரம்பித்து, அத்தையின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார். விழுங்கியது தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது.

"மூணுதான்" என்றார் அத்தை. "எண்ணினது சரி. உங்க பிரதியைக் குடுங்க."

கண்ணாடித் தாளிலிருந்து காகிதத்தை எடுத்தார். கடையின் பிரதியைப் பக்கத்தில் வைத்தார். பச்சைப் பேனாவைத் திறந்து, இரண்டிலும் தம் கையெழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு. கீழே தேதி எழுதினார். நேரம், மூன்று நாற்பது என்று எழுதினார். "அளவு பார்க்காமல் இட்டது" என்று எழுதினார்.

"இதையெல்லாம் எழுதணுமா அத்தை?" வந்தவருக்குச் சங்கடமாக இருந்தது. "சும்மா வேற படம் குடுத்தாப் போதாதா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். அது நடக்காது. நடக்காதுன்னு எழுதிக் குடுக்கறதுதான் முறை. இப்போ இதைப் பாருங்க."

மருமகள் கோட்டு முயலைக் காட்டினாள். கண்ணைத் திரை அளவுக்குப் பெரிசாக்கினாள். நகத்தளவுக்குச் சுருக்கினாள். மீசை இப்போது தெளிவாக இருந்தது, மதியமே சரிசெய்துவிட்டாள். மூத்தவன் அதே முயலை இரண்டடித் தகட்டில் வெட்டிக் காட்டினான். பின்னால் விளக்கைப் பிடித்தான். விளிம்பெல்லாம் வெளிச்சம் வழிந்தது. முயல் சுவரிலிருந்து பாய்ந்து வந்துவிடும் போலிருந்தது.

வந்தவர் முதல்முறையாக உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்கு" என்றார். "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு சிக்கல் அத்தை. ரோமம் வச்ச முயலை என் தொழில் பங்காளி ஃபோன்ல வாங்கிப் பாத்துட்டார். ஊர் முழுக்கக் காட்டிட்டு இருக்கார். அவருக்கு அந்த ரோமம்தான் உயிர். வியாழக்கிழமை இங்க வர்றார்."

"அவருக்கு யார் அனுப்பினா?"

வந்தவர் இளையவன் பக்கம் திரும்பினார். இளையவன் புதுக் கம்ப்யூட்டரின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயா?"

"கையெழுத்து ஆயிட்டுதேன்னு அனுப்பினேன் அத்தை. அவரும் சந்தோஷமா பேசினார். அப்புறம்..." அவன் நிறுத்தினான்.

"அப்புறம்?"

"அவங்க ஆபீஸ்லயே வேலைக்கு வர்றியான்னு கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லலை."

மூத்தவன் விளக்கைக் கீழே வைத்தான். வாடிக்கையாளர் இருக்கும்போது வீட்டுப் பேச்சைப் பேசுவது இந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அத்தை வந்தவரை வாசல்வரை கொண்டுவிட்டார். "உங்க பங்காளி வரட்டும். அவருக்கும் கிட்டப் போய்க் காட்டறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது இளையவன் பின்கட்டில் இருந்தான். நாற்காலிமேல் ஏறி, சுவரிலிருந்த முயல் தலையைத் தானே கழற்றிக்கொண்டிருந்தான். காது மடங்காமல் சுருட்டி, கயிறு கட்டித் தன் அலமாரியில் வைத்தான். குப்பையில் போடச் சொல்ல அத்தைக்கு வாய் வந்தது. சொல்லவில்லை.

ஐந்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. எதிர்வரிசைப் படச்சட்டக் கடைக்காரர். தெருவில் இலை அசைந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும், அசையாவிட்டாலும் தெரியும்.

"அத்தை, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கேள்விப்பட்டேன். உங்க வீட்டு மருமகள் வாடிக்கையாளர் முன்னாடியே உங்க கையெழுத்தை அடிச்சுட்டாளாமே? இந்தக் காலத்துப் பொண்ணுங்க..."

கூடத்தில் மருமகளின் விரல் பாதியில் நின்றது. தொலைபேசியில் வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தப்பா கேள்விப்பட்டிருக்கீங்க" என்றார் அத்தை. "அடிச்சது நான். மூணு நாப்பதுக்கு."

தொலைபேசியை வைத்தார்.